வாங்கிய கூம்பும் வீட்டில் செய்த பெட்டியும்: பிரிட்டனின் ஒலிபெருக்கித் தச்சு

ஒலிபெருக்கியின் வரலாறு பெரும்பாலும் அதன் கூம்பு, சுருள், காந்தம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவற்றைத் தாங்கும் மரப்பெட்டி வெறும் அறைகலனாகக் கருதப்பட்டு இரண்டொரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் 1930களிலிருந்து பிரிட்டனில் வீட்டு நிலவறைகளிலும் தோட்டக் கொட்டகைகளிலும் தமக்கான ஒலிபெருக்கிகளைத் தாமே செய்துகொண்டவர்களின் வரலாறு முழுவதும் அந்தப் பெட்டியைச் சுற்றியே அமைந்தது. கூம்பும் சுருளும் காந்தமும் சேர்ந்து ஒலியெழுப்பும் உறுப்பை, அதாவது டிரைவரை, அவர்கள் கடையில் வாங்கினர். பெட்டியை மட்டும் தாமே அளந்து, அறுத்து, ஒட்டி, அதன்மேல் வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தாளைப் போர்த்தி மெருகிட்டனர். இந்த வேலைப் பிரிவினைக்குக் காரணம் தெளிவானது. டிரைவரைச் செய்யக் காந்தமேற்றும் கருவியும் மில்லிமீட்டரில் சிறு பின்னம் வரை பிசகாத இயந்திர வேலையும் வேண்டும்; பெட்டியைச் செய்ய ரம்பமும் இழைப்புளியும் கணக்கும் பொறுமையும் போதும். கடையில் விற்கும் முழு ஒலிபெருக்கியின் விலையில் கணிசமான பங்கு மரத்துக்கும் தச்சுக்கூலிக்கும் போக்குவரத்துக்கும் போய்விடுவதால், அந்தப் பங்கைத் தன் உழைப்பால் ஈடுகட்டியவர் எட்டாத விலையிலிருந்த ஒலித்தரத்தை எட்ட முடிந்தது.

பெட்டி எதற்கு என்ற கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடுவது நல்லது. டிரைவரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று அழுத்தப்படுகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. பின்பக்க அலை தடையின்றிச் சுற்றிவந்து முன்பக்க அலையோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலைநீளம் குறைந்த உச்ச ஒலிகளில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது, ஆனால் அலைநீளம் பல மீட்டர் இருக்கும் மந்த ஒலிகள், அதாவது இரட்டை பாஸின் அடித்தந்தியும் பேரிகையின் அதிர்வும், ஏறத்தாழ மறைந்தே போகும். ஆகவே பின்பக்க அலையை அடைக்கவோ, திருப்பிப் பயன்படுத்தவோ, தணிக்கவோ ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது, அந்த ஏற்பாடே பெட்டி. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் இன்றைய வகையான நகரும்சுருள் ஒலிபெருக்கியை 1925-இல் ஆய்வுரையாக வெளியிட்டபோதே, கூம்பைச் சூழ்ந்த பலகையின் தேவையையும் விளக்கியிருந்தனர். அதன் பின்னர் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் தூராஸ், பெட்டியில் அளவாக ஒரு துளையும் குழாயும் வைத்துப் பின்பக்க அலையின் ஒரு பகுதியை முன்பக்கத்துக்கே உதவியாகத் திருப்பும் முறைக்கு 1932-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஓசை எழுவது எந்த விதியினாலோ, அதே விதியினால் இந்தப் பெட்டியும் ஒரு குறிப்பிட்ட மந்த ஒலியில் தானே ஒத்ததிர்கிறது; அதற்கு பாஸ் ரிஃப்ளெக்ஸ் என்று பெயர் நிலைத்தது.

இக்கண்டுபிடிப்புகள் அமெரிக்காவில் நிகழ்ந்தாலும், அவற்றை வீட்டுத் தச்சாக மாற்றும் பழக்கத்துக்கு பிரிட்டனில் ஏற்கெனவே நிலம் பண்பட்டிருந்தது. பிபிசி 1922-இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது கேட்போரில் பலர் வானொலிப் பெட்டியை உதிரிப் பாகங்களிலிருந்து தாமே பூட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்கென்றே அரசு 1923-இல் தனி உரிமச் சீட்டு ஒன்றை வகுக்க நேர்ந்தது. ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ போன்ற இதழ்கள் மின்சுற்றுப் படங்களையும் அளவுகளையும் தொடர்ந்து அச்சிட்டு, படித்தவுடன் செய்து பார்க்கும் வாசகர் கூட்டம் ஒன்றை உருவாக்கின. வானொலியையும் ஆம்ப்ளிஃபயரையும் தன் கையால் செய்தவர், அடுத்துத் தன் பார்வையை ஒலிபெருக்கியின் மேல் திருப்பியது இயல்பே.

அந்த வாசகர்களுக்கு ஆசானாக அமைந்தவர் கில்பர்ட் பிரிக்ஸ். 1890-இல் பிறந்து, யார்க்ஷயரின் கம்பளி நகரமான பிராட்ஃபோர்டில் துணி வணிகம் செய்த அவர், பியானோ இசையில் தோய்ந்தவர்; 1930களின் தொடக்கத்தில் வந்த பொருளாதார மந்தம் துணி வணிகத்தை முடக்கியபோது, 1932-இல் இல்க்லியில் இருந்த தம் வீட்டின் நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். வார்ஃப் ஆற்றின் பள்ளத்தாக்கில் இல்க்லி இருப்பதால் தொழிலுக்கு வார்ஃப்டேல் என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே பிராட்ஃபோர்டு வானொலிச் சங்கத்தின் போட்டியில் அவருடைய ஒலிபெருக்கிகள் முதலிரு பரிசுகளையும் பெற்றன. ஆனால் வீட்டுத் தச்சின் வரலாற்றில் அவருக்கு உரிய இடம், அவர் விற்ற டிரைவர்களைவிட அவர் எழுதிய நூல்களாலேயே கிடைத்தது. 1948-இல் வெளிவந்த ‘லவுட்ஸ்பீக்கர்ஸ்’ என்ற சிறு நூல், ஒலிபெருக்கி எப்படி இயங்குகிறது, ஏன் சில பெட்டிகள் உறுமுகின்றன, எந்தப் பலகை எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்பவற்றைக் கணிதம் அறியாதவரும் பின்பற்றும் நடையில் விளக்கியது. பல பதிப்புகள் கண்ட அந்நூலைத் தொடர்ந்து வந்த அவருடைய நூல்களில் ஒன்று பெட்டிகளுக்காகவே எழுதப்பட்டது. தன் தொழிலின் நுணுக்கத்தை, வாங்க வேண்டியவனுக்கே கற்றுக்கொடுத்து அவனைச் செய்பவனாக்கிய தயாரிப்பாளர்கள் எந்தத் தொழிலிலும் மிகச் சிலரே.

பிரிக்ஸின் அறிவுரைகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: பெட்டி தானாக ஒலிக்கக் கூடாது. வயலினின் உடல் அதிர்ந்து பாடவேண்டும், ஏனெனில் அந்த அதிர்வே அதன் குரல். ஒலிபெருக்கியோ பிறருடைய குரலை அப்படியே ஒப்பிக்கவேண்டிய கருவி, ஆகவே அதன் பலகைகள் சேர்க்கும் ஒவ்வொரு அதிர்வும் பிழையாகும். மெல்லிய பலகைப் பெட்டியில் ஆண்குரல் கேட்டால் குரலின் அடியில் ஒரு மரமூக்கொலி ஒட்டிக்கொள்வதை இன்றும் எவரும் சோதித்தறியலாம். இதைத் தவிர்க்க பிரிக்ஸ் கையாண்ட வழிகள் துணிவானவை. இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டு, உலர்ந்த மணலை அதில் நிரப்பினார். பலகை அதிர முற்படும்போது மணற்பருக்கைகள் ஒன்றோடொன்று உராய்ந்து அந்த ஆற்றலை வெப்பமாகத் தீர்த்துவிடும். அறையின் மூலையில் செங்கல்லாலேயே கட்டிய அடைப்பையும் அவர் பரிந்துரைத்தார்; சுவர்கள் இரண்டும் பெட்டியின் இரு பக்கங்களாகிவிடுவதால் மரம் மிச்சமாகும், செங்கல்லும் அசையாது. மரம் மிச்சமாவது அந்நாளில் சிறு செய்தி அன்று. போரின்போதும் அதற்குப் பின் சில ஆண்டுகளும் பிரிட்டனில் மரம் கட்டுப்பாட்டில் இருந்தது. 1942-இல் தொடங்கிய அரசின் சிக்கன அறைகலன் திட்டம் 1952 வரை நீடித்தது. நல்ல ஒட்டுப்பலகை கிடைக்காத காலத்தில், மணலையும் செங்கல்லையும் நாடிய யோசனை அறிவியலுக்கும் பஞ்சத்துக்கும் ஒருசேரப் பொருந்தியது.

பிரிக்ஸ், குவாட் ஆம்ப்ளிஃபயர்களை உருவாக்கிய பீட்டர் வாக்கரின் துணையோடு, 1954-இல் லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், மேடையில் கலைஞர்களை நேரில் இசைக்கவைத்து, உடனே அதன் பதிவையும் ஒலிபெருக்கியில் ஒலிக்கவைத்து ஒப்பிட்டுக் காட்டினார். அரங்கம் நிரம்பியது; மறு ஆண்டு நியூயார்க்கின் கார்னெகி ஹாலிலும் அவ்வாறே நடந்தது. அப்பேரரங்குகளை நிரப்பிய பெட்டிகள் வீட்டுக்கென்றே வடிவமைத்தவை என்பதே கேட்டவர்களை வியக்கவைத்தது. நூலைப் படித்து அதே டிரைவரை வாங்கி அதே அளவில் பெட்டி செய்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கையும் அதனால் வலுத்தது.

இவ்வளர்ச்சியை 1958 திசைமாற்றியது. அவ்வாண்டு விற்பனைக்கு வந்த ஸ்டீரியோ இசைத்தட்டுகளுக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் தேவைப்பட்டன. ஒரு மூலையை அடைத்துக்கொண்ட பெரிய பெட்டியைப் பொறுத்துக்கொண்ட குடும்பம், அதுபோல் இன்னொன்றைப் பொறுக்க ஒப்பவில்லை. பல வீடுகளில் இரண்டாவது மூலையும் இல்லை. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-இல் அறிமுகப்படுத்தியிருந்த முறை இதற்கு ஒரு விடையாக வந்தது: காற்றுப்புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்பின் வில்லாகப் பயன்படுத்தி, அலமாரியில் வைக்கத்தக்க பெட்டியிலிருந்து ஆழ்ந்த மந்த ஒலியை அவர் எழுப்பினார். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தம், குறைந்த மின்திறனில் உரத்த ஒலி என்ற மூன்றில் இரண்டைத்தான் ஒருசேரப் பெறமுடியும். ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன் வகுத்த இந்த வரம்பை ஒலியியலார் ஹாஃப்மனின் இரும்பு விதி என்பர். சிறு பெட்டிகள் ஆம்ப்ளிஃபயரின் திறனை வெகுவாக உண்டன. தரையில் நிற்கும் பெட்டி மறையாமல் நிலைத்ததற்கு இவ்விதியே அடிப்படை. அகலத்தை இழந்தாலும் உயரத்தால் அது தன் கொள்ளளவைக் காத்துக்கொண்டது. உயர்ந்த பெட்டியில் ட்வீட்டர், அதாவது உச்ச ஒலிக்கான சிறு டிரைவர், நாற்காலியில் அமர்ந்தவரின் காதுக்கு நேராக வந்துவிடுவதால், தனியாக ஒரு தாங்கியும் வேண்டியதில்லை.

மீண்டும் பிராட்ஃபோர்டிலிருந்தே அடுத்த திருப்பம் வந்தது. அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் பணியாற்றிய ஆர்தர் பெய்லி, ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழின் 1965 அக்டோபர் எண்ணில், ஒத்ததிராத பெட்டி ஒன்றின் வடிவமைப்பை வெளியிட்டார். டிரைவரின் பின்னால் நீண்டதொரு குழாய்ப்பாதையை அமைத்து, அதனுள் நீண்ட இழையுள்ள ஆட்டுக் கம்பளியைத் தளர்வாக நிரப்பினால், பின்பக்க அலை அப்பாதையில் செல்லச் செல்லத் தேய்ந்து அழிந்துவிடும். மிக மந்தமான ஒலி மட்டும் கம்பளியைக் கடந்து, குழாயின் மறுவாயிலில் முன்பக்க அலைக்குத் துணையாக வெளிவரும். இதை டிரான்ஸ்மிஷன் லைன் என்பர். பாதையின் நீளம், துணைபுரிய வேண்டிய ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கு இருக்கவேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.6 மீட்டர், அதில் கால்பங்கு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு மீட்டர் குழாயை வீட்டில் நிறுத்த முடியாதாகையால், உயரமான பெட்டிக்குள் குறுக்குப் பலகைகளை வைத்து அதை மடித்தனர். வெளியே சாதாரணத் தூண்பெட்டியாகத் தோன்றும் அதன் பக்கப் பலகையைத் திறந்தால், மேலும் கீழும் திரும்பிச் செல்லும் அறைகளும் அவற்றை நிறைத்த கம்பளியும் தெரியும். கம்பளி ஆலைகளால் பேர்பெற்ற நகரில் பிறந்த வடிவமைப்பு கம்பளியையே உட்கொண்டது பொருத்தமே.

பெய்லியின் பெட்டி தொழிற்சாலைக்கு ஏற்றதன்று. பலகைகள் அதிகம், மூட்டுகள் அதிகம், கம்பளியைக் கையால் பிரித்து நிரப்பவேண்டும்; ஐ.எம்.எஃப். போன்ற சில நிறுவனங்கள் அவ்வகையைச் செய்து விற்றபோது அவை விலை உயர்ந்த பண்டங்களாகவே இருந்தன. தன் நேரத்துக்குக் கூலி போடாத வீட்டுத் தச்சருக்கோ அதே சிக்கல்கள் தடையாகவில்லை. டிரைவருக்கும் பஞ்சமில்லை: வார்ஃப்டேலில் பிரிக்ஸின் தொழில்நுட்பத் துணைவராக இருந்த ரேமண்ட் குக், 1961-இல் கென்ட் மாவட்டத்தின் மெய்ட்ஸ்டோனில் தொடங்கிய கே.ஈ.எஃப். நிறுவனம், பி139 என்ற மந்த ஒலி டிரைவரை விற்றது. வட்டக் கூம்புக்கு மாறாக, நீள்வட்டமாகவும் தட்டையாகவும் பாலிஸ்டைரீன் நுரையால் ஆன முகம் அதற்கு இருந்தது. குறுகிய முகப்புப் பலகையிலும் செங்குத்தாகப் பொருந்தியதால், மெலிந்த தூண்பெட்டிகளைச் செய்தோர் அதை விரும்பித் தேர்ந்தனர். கே.ஈ.எஃப். தானே டிரைவர்களையும், ஒலியை மந்தம், இடை, உச்சம் எனப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் மின்சுற்றையும் ஒரே தொகுப்பாகக் கட்டி விற்கவும் தொடங்கியது. வாங்கியவர் சேர்க்கவேண்டியது பெட்டி மட்டுமே.

பெட்டிக்கான பலகையின் வரலாறு தனியாகச் சொல்லத்தக்கது. பிர்ச் மரத்தின் ஒட்டுப்பலகை தொடக்கத்தில் விருப்பமான பொருளாக இருந்தது. பின்னர் மரச்சில்லுகளைப் பிசினோடு அழுத்திச் செய்யும் சிப்போர்டு மலிவாகக் கிடைத்தது. ஜெர்மனியில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொழில்முறைக்கு வந்த அப்பலகை, 1960களிலும் 1970களிலும் பிரிட்டிஷ் ஒலிபெருக்கிகளை ஆண்டது. அது கனமானது, அதிர்வை நன்றாகத் தணிப்பது. ஆனால் விளிம்பு பொரிந்து உதிரும், திருகாணியை உறுதியாகப் பிடிக்காது, ஈரம் பட்டால் ஊதும். மரநாரை நுண்ணிதாக அரைத்து அழுத்தும் எம்.டி.எஃப். பலகை 1960களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் டெபாசிட் என்ற ஊரில் வணிகமுறையில் உற்பத்தியாகி, பிற்பாடு பிரிட்டனுக்கும் பரவியது. அதற்கு ரேகையே இல்லாததால் எத்திசையில் அறுத்தாலும் ஒரே தன்மை. ரூட்டர் என்னும் சுழல்வெட்டுக் கருவியால் டிரைவருக்கான வட்டக் குழியை அதில் கத்தி நுனிபோல் கூர்மையாக எடுக்கமுடிகிறது. அதன் தூசியும் அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு பிசினும் நுரையீரலுக்குக் கேடு என்பதால், முகமூடியின்றி அதை அறுப்பது தவறு.

எல்லாரும் கனத்தை நாடியபோது பிபிசியின் ஆய்வுத்துறை எதிர்த்திசையில் சென்றது. டி.ஈ.எல். ஷார்ட்டர், எச்.டி. ஹார்வுட் முதலிய பொறியாளர்கள், தடித்த பலகை அதிர்வை நீக்காமல் காது கூர்மையாக உணரும் இடை ஒலிப் பகுதிக்கு ஏற்றிவிடுகிறது என்று கருதி, மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகையின் உட்புறம் தார்த்தகடுகளை ஒட்டினர். அதனால் அதிர்வு கீழ்ப்பகுதிக்கு இறங்கி, தாரினால் விரைவில் தணிந்தது. 1970களின் எல்எஸ்3/5ஏ என்ற சிறு கண்காணிப்பு ஒலிபெருக்கி அந்தக் கொள்கையின் புகழ்பெற்ற விளைவு. கனமா மெலிவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பலகைத் தடிப்பை மட்டும் கூட்டுவதைவிட உள்ளே குறுக்குக் கட்டைகளைச் சமமற்ற இடைவெளிகளில் பொருத்துவது மலிவான தீர்வு என்பதே பல தலைமுறைத் தச்சர்களின் வேலையிலிருந்து தேறும் முடிவு.

சிப்போர்டும் எம்.டி.எஃப்.பும் பார்வைக்கு அட்டைபோல் உயிரற்றவை; கூடத்தின் நடுவில் நிற்கவேண்டிய ஒரு மீட்டர் உயரப் பெட்டிக்கு அவை முகமாக முடியாது. முழுமரத்தாலேயே செய்யலாமே எனில், அது பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரிந்து மூட்டுகளைப் பிளக்கும், காற்றுப்புகாமை போய்விடும். ஆகவே உள்ளே அசையாத செயற்கைப் பலகையும் வெளியே இயற்கை மரத்தாளுமாகச் சேர்வது ஒலியியலும் அழகும் ஒப்பிய ஏற்பாடாயிற்று. வெனீர்க் கலை எகிப்தின் பழங்கல்லறைப் பேழைகளளவு தொன்மையானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் பேட்டர்சியில் மார்க் பிரூனல் அமைத்த ரம்ப ஆலை அதை இயந்திரத் தொழிலாக்கியது, பின்னர் மரக்கட்டையைக் கத்தியால் சீவும் முறை வந்து தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டராகக் குறைந்தது. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தாள்களில் ரேகைகள் ஒத்திருக்கும். ஒன்றைத் திருப்பி மற்றதன் அருகே வைத்தால் இரண்டும் கண்ணாடிப் பிம்பங்களாக இணையும். இடது, வலது ஒலிபெருக்கிகளுக்கு இவ்வாறு இணையான முகங்கள் அமைப்பதை நல்ல தச்சர் தம் கடமையாகவே கொண்டார்.

பழைய முறையில் தாளை ஒட்டியது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். வச்சிரத்தைச் சூடாகப் பலகையிலும் தாளிலும் தடவி, தட்டை முகமுள்ள வெனீர்ச் சுத்தியலை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்தி இழுத்து, மிகையான பசையை வெளியேற்றுவர். பின்பு விரல்நகத்தால் பரப்பு முழுவதும் தட்டிப் பார்ப்பர். நன்கு ஒட்டிய இடம் திண்ணென்றும், உள்ளே காற்று தங்கிய இடம் பொக்கென்றும் ஒலிக்கும். பொக்கான இடத்தில் ரேகையின் வழியே கத்தியால் ஒரு மெல்லிய கீறல் இட்டு, பசையைச் செலுத்தி, மீண்டும் அழுத்தினால் கீறல் கண்ணுக்குத் தெரியாது. போருக்குப் பின் வெள்ளைப் பசை எனப்படும் பி.வி.ஏ. பரவியபோது வீட்டுத் தச்சர் இன்னும் எளிய வழியைக் கண்டார்: பலகையிலும் தாளின் பின்புறத்திலும் பசையைத் தடவி முற்றிலும் உலரவிட்டு, பின் தாளை வைத்துத் துணிதேய்க்கும் இஸ்திரிப்பெட்டியால் சூடேற்றினால், பசை இளகி இரண்டையும் பிணைக்கும். சூட்டில் தாள் சுருங்குமாதலால் இணைப்புகளில் சிறிது மிகையாக விட்டு, ஒட்டிய பின்பே வெட்டவேண்டும். ஒட்டும் வரிசையும் முக்கியம். அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் முதலில் முடித்து, பக்கங்களையும் மேற்புறத்தையும் அடுத்து ஒட்டி, முகப்பைக் கடைசியில் போர்த்தினால், முன்னின்று பார்ப்பவருக்குத் தாளின் வெட்டுவிளிம்பு தென்படாது.

தொடக்கநிலைத் தச்சர்களை ஏமாற்றும் இரண்டு செய்திகள் உண்டு. தாளைப் பலகையின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், அது உலர்ந்து சுருங்கும்போது பலகையையே வளைத்துவிடும். எனவே தேர்ந்த பெட்டிகளில் கண்ணில் படாத உட்புறத்திலும் மலிவான ஒரு தாளை ஒட்டிச் சமன்செய்வர். மற்றொன்று மூட்டுக்கோடு. இரண்டு எம்.டி.எஃப். பலகைகள் சேரும் இடத்தில் பசையின் ஈரம் முழுதும் வற்றுமுன் இழைத்து வெனீரை ஒட்டிவிட்டால், சில மாதங்கள் கழித்து மூட்டு மேலும் வற்றி, மெருகிட்ட முகத்தில் மெல்லிய கோடாக எழும்பிவிடும்; பின் அதை நீக்க வழியில்லை. பெட்டியை ஒட்டியபின் வாரக்கணக்கில் சும்மா வைத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதியே என்பதைப் பலர் இக்கோட்டைக் கண்டே கற்றனர்.

மெருகு என்ற இடத்தில் இவ்வரலாறு இந்தியாவைத் தொடுகிறது. பிரிட்டிஷ் தச்சர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்திய பிரெஞ்ச் பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அந்த அரக்கு, பலாசு, இலந்தை முதலிய மரங்களின் சிறுகிளைகளில் வாழும் அரக்குப் பூச்சியின் சுரப்பு. உலகச் சந்தைக்கு அதைப் பெருமளவில் அளித்தது சோட்டா நாக்பூர்ப் பகுதி. பஞ்சைத் துணியில் பொதிந்த உருண்டையில் அரக்குக் கரைசலை ஊற்றி, எண்ணெய் ஓரிரு துளி தொட்டு, வட்டமாகவும் எட்டு வடிவாகவும் ஓயாமல் தேய்த்து, படலத்தின் மேல் படலமாக ஏற்றுவது அம்முறை. வினைல் தட்டுகள் 1948-க்குப் பின் வரும்வரை, நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற இசைத்தட்டுகளின் பிணைபொருளும் இதே அரக்குதான்; அதாவது தட்டும் அதன் இசையை வெளியிட்ட பெட்டியின் பளபளப்பும் ஒரே பூச்சியின் கொடை. ரோஸ்வுட் வெனீரும் அவ்வாறே இந்தியாவைத் தொடுவது. 1960களில் தேக்கும் ரோஸ்வுட்டும் ஒலிபெருக்கிகளின் விருப்பமான முகங்களாயின. ரோஸ்வுட் என்ற பெயரில் பிரேசில் மரத்தோடு, தமிழில் தோதகத்தி என்றும் வழங்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் உலகெங்கும் சென்றது. வெட்டு மிகுந்து மரம் அருகியதால் பிரேசில் ரோஸ்வுட்டின் வணிகத்தைப் பன்னாட்டு உடன்படிக்கை 1992-இல் ஏறக்குறைய முற்றாகத் தடுத்தது. தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைக் காக்க 1994-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2017 முதல் இம்மரங்கள் அடங்கிய தாவரப் பேரினம் முழுவதும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இன்றைய வீட்டுத் தச்சர் பெரும்பாலும் ஓக், வால்நட் தாள்களை ஒட்டி, அரக்குக்குப் பதிலாக எண்ணெய் மெருகைத் துணியால் தேய்த்து முடிக்கிறார். கீறல் விழுந்தால் மீண்டும் எண்ணெய் தடவினால் போதும் என்பது அதன் பெரிய வசதி. உப்புத்தாளை அளவுக்கு மீறித் தேய்த்தால் 0.6 மில்லிமீட்டர்த் தாள் தேய்ந்து அடிப்பலகை வெளுத்துத் தெரியும் என்ற ஆபத்து மட்டும் எல்லா மெருகுக்கும் பொது.

பெட்டியின் அளவைப் பற்றிய அறிவு உறுதியான கணக்காக மாறியது ஆஸ்திரேலியாவில். சிட்னியில் பணியாற்றிய நெவில் தீல் 1961-இல், துளையுள்ள பெட்டியை மின்வடிகட்டியைப்போல் கணக்கிடலாம் என்று காட்டி, 28 வகை அமைப்புகளுக்கு அட்டவணை தந்தார். அவர் வழியில் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை முழுமையாக்கினார். டிரைவர் தன்னியல்பாக ஒத்ததிரும் அதிர்வெண், அவ்வதிர்வு எவ்வளவு தணிக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் எண், கூம்பின் தொங்கலுக்கு ஈடான வில்தன்மை கொண்ட காற்றின் கொள்ளளவு ஆகிய மூன்றையும் தயாரிப்பாளர் அச்சிட்டுத் தந்துவிட்டால், பெட்டியின் லிட்டர் அளவையும் குழாயின் நீளத்தையும் பலகையைத் தொடுமுன்பே காகிதத்தில் கண்டுவிடலாம். அதுவரை வெட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, மீண்டும் வெட்டிய தச்சருக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் கிடைத்ததில்லை. முகப்பின் வடிவத்தைப் பற்றியோ ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஆல்சன் முன்னரே சோதித்திருந்தார்: உருண்டை, உருளை, கனசதுரம் எனப் பல வடிவப் பெட்டிகளில் ஒரே டிரைவரைப் பொருத்தி அளந்தபோது, உருண்டை மிகச் சீரான ஒலியையும் கூரிய விளிம்புள்ள கனசதுரம் மேடுபள்ளமான ஒலியையும் தந்தன. முகப்பு விளிம்பை உருட்டுவதும் சாய்வாகச் சீவுவதும் அழகுக்காக மட்டும் செய்யும் வேலைகள் அல்ல என்பது அதனால் விளங்கியது. ஆனால் உருட்டிய விளிம்பில் வெனீரை உடையாமல் வளைப்பது கடினம். ஒலிக்கு வேண்டிய வளைவும் மரத்தாள் தாங்கும் வளைவும் மோதும் அந்த இடத்தில்தான் தச்சரின் கைத்திறன் உண்மையாகவே சோதிக்கப்படுகிறது.

இந்த மரபு விட்டுச்சென்ற பொருட்கள் இன்று கேட்பாரற்று அழிந்துவருகின்றன. செய்தவர் மறைந்து வீடு காலியாகும்போது, நிறுவனப் பெயர் பொறிக்காத பெட்டியை வாங்க ஆளில்லை. உள்ளிருக்கும் பி139 போன்ற டிரைவர்களைக் கழற்றி விற்றுவிட்டு, அவற்றைப் பேசவைத்த பெட்டியை விறகாகவோ குப்பையாகவோ தள்ளிவிடுகின்றனர். தொழிற்சாலை ஒலிபெருக்கிகளை அருங்காட்சியகங்கள் சேர்த்து வைக்கின்றன. மணல் நிரப்பிய பலகையும் மடித்த கம்பளிக் குழாயும் கையால் இணைத்த வெனீர் முகமும் கொண்ட பெட்டிகளில் ஊருக்கு ஒன்றையாவது, அதன் அளவுக் குறிப்புத் தாளோடும் செய்தவரின் பெயரோடும், டிரைவரைப் பிரிக்காமல் அவை சேர்த்து வைக்கவேண்டும்.